யூத டெலி உணவு: வீட்டில் செய்யத் தொடங்குவோருக்கு

நியூயார்க் நகரின் ஹூஸ்டன் தெருவில் இருக்கும் காட்ஸ் டெலி, 1888ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கடை. இறைச்சி வெட்டும் மேடைக்கு முன்னால் வரிசையில் நின்று நம் முறை வரும்போது, வெட்டுபவர் பஸ்ட்ராமி எனப்படும், மசாலா பூசிப் பதப்படுத்திய ஆவி பறக்கும் மாட்டிறைச்சியிலிருந்து ஒரு துண்டைக் கையால் அரிந்து, சுவை பார்க்கச் சொல்லித் தட்டில் வைத்து நீட்டுவார். துண்டின் ஓரத்தில் மிளகும் கொத்தமல்லி விதையும் படிந்து கறுத்திருக்கும். உள்ளே இளஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினாலே நார் நாராகப் பிரியும். அதைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர், ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம் என்று எண்ணி முயன்று ஏமாந்திருக்கிறார்கள். இந்த உணவு வகையில் அடுப்பு மூட்டுவது கடைசி வேலை. அதற்கு முந்தைய வேலையெல்லாம் உப்புநீரிலும் குளிர்பதனப் பெட்டியிலும் நாள் கணக்கில் நடக்கிறது. அது ஏன் அப்படி நடக்கிறது என்பது விளங்கிவிட்டால், சாதாரண வீட்டுச் சமையலறையிலேயே பெரும்பாலானவற்றைச் செய்துவிட முடியும்.

டெலி என்பது டெலிகேட்டசன் என்ற சொல்லின் சுருக்கம். நேர்த்தியான தின்பண்டங்கள் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள், தொத்திறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் ஊறிய காய்களும் விற்கும் கடைகளுக்கு அப்பெயரை வைத்தார்கள். 1880களில் தொடங்கி, குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய 1924ஆம் ஆண்டுச் சட்டம் வரை, ரஷ்யப் பேரரசு, ஆஸ்திரியா-ஹங்கேரி, ருமேனியா ஆகிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், நெருக்கடியான அடுக்குக் குடியிருப்புகளில் தங்கினார்கள். ருமேனியாவின் பஸ்ட்ராமா, போலந்தின் வளைய ரொட்டியான பேகல், ஜெர்மானியரின் தொத்திறைச்சி, கிழக்கு ஐரோப்பா எங்கும் இருந்த புளித்த வெள்ளரிக்காய் என வெவ்வேறு ஊர்களின் பண்டங்கள் அங்கே ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே டெலி உணவை ஐரோப்பாவின் ஏதோ ஒரு கிராமத்துப் பழைய சமையலாக எண்ணுவது சரியாகாது. அது புலம்பெயர்ந்தவர்கள் அமெரிக்காவில் உருவாக்கிய கலவை. பின்னர் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. மாண்ட்ரியலில் ஷ்வார்ட்ஸ் கடை 1928இலும் லாஸ் ஏஞ்சலஸில் லேங்கர்ஸ் கடை 1947இலும் தொடங்கப்பட்டன. இரண்டும் இன்றும் பேசப்படுகின்றன.

இந்தச் சமையலின் இலக்கணம் கோஷர் என்னும் யூத உணவு விதிகளில் இருக்கிறது. பன்றி இறைச்சி கூடாது. இறைச்சியும் பாற்பொருளும் ஒன்றாகச் சமைக்கப்படவோ ஒரே வேளையில் உண்ணப்படவோ கூடாது. மீன், முட்டை, காய்கறி ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. விலங்கை முறைப்படி அறுத்து, இரத்தத்தை உப்பிட்டு நீக்க வேண்டும்; பின்னங்காலில் ஓடும் ஒரு குறிப்பிட்ட நரம்பையும் சில கொழுப்புகளையும் அகற்ற வேண்டும். அந்த நரம்பை எடுப்பது மிகவும் நுட்பமான வேலை என்பதால், அமெரிக்காவின் கோஷர் கசாப்புக் கடைக்காரர்கள் பெரும்பாலும் மாட்டின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டுமே விற்றார்கள். மென்மையான துண்டுகள் பலவும் பின்பாதியில்தான் இருக்கின்றன. முன்பாதியில் கிடைத்த மலிவான துண்டுகள், பிரிஸ்கெட் எனப்படும் நெஞ்சுப் பகுதியும் அதற்குப் பின்னால் வயிற்றுப் புறமாக வரும் கொழுப்பு மிகுந்த பகுதியும். மாட்டின் உடல் எடையைத் தாங்கும் தசை என்பதால் நெஞ்சுக் கறி இறுகிய இணைப்புத் திசு நிறைந்தது. அவசரமாகச் சமைத்தால் தோலைப் போல இருக்கும். பதப்படுத்துவதும், மணிக்கணக்கில் வேகவிடுவதும், மெலிதாக அரிவதும் இந்த ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடைகள்.

பாலும் இறைச்சியும் பிரிந்ததால் கடைகளும் இரண்டாகப் பிரிந்தன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வெளியில் இருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டெலி என்றால் இறைச்சிக் கடை. மீனும் பாலாடைக்கட்டியும் விற்ற கடைக்கு நியூயார்க்கில் அப்பிடைசிங் கடை என்று பெயர். 1914இல் தொடங்கிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் அவ்வகைக் கடைகளில் புகழ்பெற்றது. பேகலின் மேல் கிரீம் சீஸும் லாக்ஸ் எனப்படும் உப்பிட்ட சால்மன் மீனும் வைத்துத் தின்பது அந்த இரண்டாவது வகைக் கடையின் மரபு. உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியான கார்ன்ட் பீஃபின் மேல் சுவிஸ் சீஸ் உருக்கிச் செய்யும் ரூபன் சாண்ட்விச் கோஷர் விதிக்கு முற்றிலும் புறம்பானது. அதை விற்கும் கடைகள் தம்மைக் "கோஷர் பாணி" என்று சொல்லிக்கொள்ளும். வீட்டில் அவரவர் விருப்பப்படி செய்துகொள்ளலாம், ஆனால் எந்தப் பண்டம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரிந்திருந்தால், செய்முறைகளில் வெண்ணெய் வரவேண்டிய இடத்தில் ஏன் கோழிக் கொழுப்பு வருகிறது என்பது தானாகவே விளங்கும்.

தொடங்குபவர் வெள்ளரிக்காயிலிருந்து தொடங்குவது நல்லது. செலவு குறைவு, அடுப்பே வேண்டாம், தவறினாலும் நட்டம் சிறிது. டெலி மேசையில் கிண்ணத்தில் வைக்கப்படும் வெள்ளரிக்காயில் மரபுப்படி வினிகர் கிடையாது. உப்புநீரில் இயல்பாக உருவாகும் லாக்டிக் அமிலம்தான் அதன் புளிப்பு. வெள்ளரிக்காயின் தோலில் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் காயின் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிரி இந்தக் காய்கறிப் புளிப்பிலும் முதல் கட்ட வேலையைச் செய்கிறது என்பதால், மாவு புளிக்க வைத்துப் பழகிய கைக்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றாது.

ஒரு லிட்டர் நீருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்தால் அரைப்புளிப்புக் காய் கிடைக்கும்; 50 கிராம் உப்பிட்டு நீண்ட நாள் விட்டால் முழுப்புளிப்பு. உப்பைக் கரண்டியால் அளக்காமல் எடைபோட வேண்டும், ஏனெனில் கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. குட்டையான, தடித்த தோலுடைய, விதை முற்றாத வெள்ளரிக்காய்களை எடுத்து, பூ இருந்த முனையை மெல்லிய வட்டமாக வெட்டி எறியுங்கள்; அந்த முனையில் இருக்கும் நொதிகள் காயைக் கொழகொழப்பாக்கிவிடும். நசுக்கிய பூண்டு, டில் எனப்படும் சதகுப்பைத் தழை, மிளகு, கடுகு, கொத்தமல்லி விதை, கிடைத்தால் ஒரு திராட்சை இலை ஆகியவற்றுடன் கண்ணாடிச் சாடியில் இட்டு, காய்கள் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்குமாறு மேலே ஏதேனும் பாரம் வையுங்கள். திராட்சை இலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் காயின் மொறுமொறுப்பைக் காக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் அளவிலான அறையில் நான்கைந்து நாட்களில் அரைப்புளிப்பு வந்துவிடும். வெப்பம் மிகுந்த ஊர்களில் இரண்டே நாளில் புளித்துவிடும் என்பதால், தினமும் ஒரு துண்டு தின்று பார்த்து, பிடித்த நிலையில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பதே வழி. நீர் கலங்கலாவதும் குமிழி விடுவதும் நல்ல அறிகுறிகள். காய் வழுவழுப்பாகித் துர்நாற்றம் வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது கோழிக் கொழுப்பு. பன்றிக் கொழுப்புக்கு விலக்கு, இறைச்சியுடன் வெண்ணெய்க்கும் விலக்கு; வட, கிழக்கு ஐரோப்பாவின் குளிரில் ஆலிவ் எண்ணெய்க்கு வழியில்லை. எனவே வாத்தின் கொழுப்பும் கோழியின் கொழுப்பும்தான் அந்த வீடுகளின் சமையல் எண்ணெயாயின. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியில் அதற்கு ஷ்மால்ட்ஸ் என்று பெயர். அரைக் கிலோ கோழித்தோலையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாக நறுக்கி, கால் கோப்பை நீர் விட்டு, மிகக் குறைந்த தீயில் வையுங்கள். நீர் வற்றிக் கொழுப்பு உருகி வெளிவந்ததும் ஒரு வெங்காயத்தை நறுக்கிச் சேர்த்து, அது பொன்னிறமாகும்வரை காத்திருந்து வடிகட்டுங்கள். வடிகட்டியில் எஞ்சும் மொறுமொறுப்பான தோலும் வெங்காயமும்தான் க்ரிபெனெஸ். உப்புத் தூவினால் சமையல்காரரின் கூலியாக அப்போதே தீர்ந்துபோகும்.

அந்தக் கொழுப்பு இருந்தால் மட்சா உருண்டைகள் மிதக்கும் கோழிச் சாறு எளிது. மட்சா என்பது பஸ்கா பண்டிகைக்குச் செய்யும் புளிக்காத தட்டை ரொட்டி. மாவில் நீர் பட்டது முதல் சுட்டு முடிப்பதுவரை 18 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதைப் பொடித்த மாவில் ஒரு கோப்பை, நான்கு முட்டை, கால் கோப்பை உருக்கிய ஷ்மால்ட்ஸ், கால் கோப்பை கோழிச் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, குறைந்தது ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பொடி ஏற்கனவே சுட்ட ரொட்டி என்பதால் ஈரத்தை மெல்ல உறிஞ்சுகிறது; காத்திருக்காமல் உருட்டினால் நீரில் கரைந்துபோகும். ஈரக் கையால் எலுமிச்சையைவிடச் சிறிய உருண்டைகளாகப் பிடித்து, கொதிக்கும் உப்புநீரில் போட்டு, மூடி, தீயைக் குறைத்து முப்பது முதல் நாற்பது நிமிடம் வேகவிட வேண்டும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உருண்டை பஞ்சுபோல மிதக்க வேண்டுமா, கனமாக அடியில் கிடக்க வேண்டுமா என்பது யூதக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தீராத வழக்கு. நான் மிதப்பவற்றின் பக்கம். சாற்றைப் பொறுத்தவரை, கோழி, காரட், செலரி, வெங்காயம், சதகுப்பைத் தழை ஆகியவற்றைத் தளதளவென்று கொதிக்கவிடாமல், மேற்பரப்பு லேசாக நடுங்கும் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் தெளிவாக வரும்.

பேகலுக்கு வருவோம். போலந்தின் கிராக்கூவ் நகர யூதச் சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளிலேயே, பிள்ளை பெற்ற பெண்களுக்கு வழங்கும் பொருளாகப் பேகல் குறிப்பிடப்படுகிறது. மற்ற ரொட்டிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது நடுவில் உள்ள ஓட்டையைவிட, சுடுவதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுக்கும் முறைதான். கொதிநீரில் மேற்பரப்பின் மாவுச்சத்து வெந்து கூழாகி இறுகிவிடுகிறது. பிறகு அடுப்பில் ரொட்டி உப்ப முயலும்போது அந்த இறுகிய தோல் தடுக்கிறது. அதனால்தான் உள்ளே நெருக்கமாகவும் மெல்வதற்கு இழுவையாகவும், வெளியே பளபளப்பாகவும் இருக்கிறது. இந்தப் படியைத் தவிர்த்தால் கிடைப்பது ஓட்டை போட்ட பன்.

புரதம் 12 முதல் 14 விழுக்காடு உள்ள ரொட்டி மாவு 500 கிராம், நீர் 280 கிராம், உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் பாகு ஒரு மேசைக்கரண்டி. சாதாரண மைதாவில் இந்த இழுவை வராது. நீர் குறைவான மாவு என்பதால் பிசைவது சப்பாத்தி மாவைவிடக் கடினம். பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். எட்டாகப் பிரித்து வளையமாக்கி, மூடி, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குளிரில் மெல்லப் புளிக்கும்போதுதான் சுவை ஏறுகிறது. காலையில் ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள். சில நொடிகளில் மேலே வந்து மிதந்தால் தயார். மிதக்காவிட்டால் அறை வெப்பத்தில் இன்னும் சிறிது நேரம் விடுங்கள். மால்ட் பாகு கலந்த கொதிநீரில் ஒவ்வொரு பக்கமும் முக்கால் நிமிடம் வேகவிட்டு, எள்ளோ கசகசாவோ தூவி, 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருபது நிமிடம் சுட்டால் போதும். மால்ட் பாகு கிடைக்காதவர்கள் நாட்டுச்சர்க்கரையோ தேனோ பயன்படுத்தலாம். நிறம் வரும், அந்த மால்ட் வாசனை மட்டும் வராது.

லாக்ஸை வீட்டில் செய்வதைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். அது வேகாத மீன். சால்மன் மீனை உப்பும் சர்க்கரையும் தடவி இரண்டு மூன்று நாள் குளிரில் வைப்பது எளிய வேலைதான் என்றாலும், உப்பு ஒட்டுண்ணிகளைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. மீனைக் கழித்து 20 டிகிரி, அதாவது உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரில் ஏழு நாட்கள் முழுவதும் உறையவைத்திருக்க வேண்டும். கருவுற்றவர்கள் இதைத் தவிர்ப்பதே முறை.

இனி இறைச்சி. கார்ன்ட் பீஃப் என்ற பெயரைக் கேட்டுச் சோளத்தைத் தேட வேண்டாம். கார்ன் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் தானிய மணி என்று பொருள், இங்கே அது மணி மணியான உப்புக்கல்லைக் குறிக்கிறது. கார்ன்ட் பீஃபும் பஸ்ட்ராமியும் பாதி வழிவரை ஒரே பயணம் செல்பவை. இரண்டும் மசாலா கலந்த உப்புநீரில் ஊறுகின்றன. பின்னர் கார்ன்ட் பீஃபை நீரில் வேகவைக்கிறார்கள். பஸ்ட்ராமிக்கு மிளகும் கொத்தமல்லியும் பூசிப் புகையிட்டு, கடைசியில் ஆவியில் வேகவைக்கிறார்கள். பஸ்ட்ராமா என்ற ருமேனியச் சொல், அழுத்துதல் என்று பொருள்படும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. நம் உப்புக்கண்டத்தைப் போல இதுவும் இறைச்சியைக் கெடாமல் காக்கப் பிறந்த முறைதான், ஆனால் வெயிலில் காயவிடாமல் ஈரத்திலேயே பதப்படுத்துவதால் இதன் முடிவு மென்மை.

இதில் முக்கியமான பொருள், கடைகளில் பிராக் பவுடர் 1 என்ற பெயரில் கிடைக்கும் பதனிடும் உப்பு. அதில் 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட், மீதி சாதாரண உப்பு. நைட்ரைட் தசையின் நிறமியோடு சேர்ந்து வெந்த பின்னும் மாறாத இளஞ்சிவப்பைத் தருகிறது. போட்டுலிசம் என்னும் கொடிய நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரி வளராமலும் தடுக்கிறது. அளவு மீறினால் அதுவே நஞ்சு என்பதால்தான் சமையல் உப்போடு மாறிப்போகாதிருக்க அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் இந்துப்பும் அதே நிறம்தான், ஆனால் அதில் நைட்ரைட் கிடையாது. ஒன்றுக்கு மற்றொன்றை ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். பதனிடும் உப்பு கிடைக்காவிட்டால் சாதாரண உப்பு மட்டும் இட்டுக் குளிரில் ஊறவைத்து, நீரில் நன்கு வேகவைக்கலாம். நிறம் சாம்பலாக இருக்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குறைந்த வெப்பத்தில் நீண்ட நேரம் புகையிடப் போகிறீர்கள் என்றால் நைட்ரைட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள். இறைச்சியின் எடையையும் நீரின் எடையையும் கூட்டி, அந்த மொத்தத்தில் 2.5 விழுக்காடு உப்பு, 1 விழுக்காடு சர்க்கரை, 0.25 விழுக்காடு பதனிடும் உப்பு. இரண்டு கிலோ நெஞ்சுக் கறிக்கு இரண்டு லிட்டர் நீர் என்றால் மொத்தம் நான்கு கிலோ: 100 கிராம் உப்பு, 40 கிராம் சர்க்கரை, 10 கிராம் பதனிடும் உப்பு. உள்ளும் புறமும் உப்பு சமமாகும்வரை ஊறும் முறை இது என்பதால், ஓரிரு நாள் கூடுதலாக ஊறினாலும் கரிக்காது. உப்புநீரைக் கடுகு, மிளகு, கொத்தமல்லி விதை, கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவற்றுடன் கொதிக்கவைத்து, முழுவதும் ஆறிய பிறகே பூண்டையும் இறைச்சியையும் இட வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்கு மிகாத குளிரில் எட்டு முதல் பத்து நாள், தினமும் ஒருமுறை திருப்பிப் போட்டு வையுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றை நீக்கிக் கட்டினால் இடமும் மிச்சம்.

வேகவைக்கும்போது நடப்பது இதுதான்: இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் 70 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் மெல்ல மெல்ல ஜெலட்டினாக உருகுகிறது. அதற்கு நேரம் வேண்டும். உள்வெப்பம் 93 முதல் 95 டிகிரி வரும்போதுதான் முள்கரண்டி தடையின்றி இறங்கும். கார்ன்ட் பீஃபுக்கு நீர் கொதிக்காமல் நடுங்கும் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கரில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், சுவையில் இழப்பு சிறிதுதான். பஸ்ட்ராமிக்குக் குக்கர் உதவாது, மசாலா கழுவிக்கொண்டு போய்விடும். ஊறிய இறைச்சியைக் கழுவித் துடைத்து, ஒன்றிரண்டாக இடித்த மிளகும் கொத்தமல்லி விதையும் சம அளவில் அழுந்தப் பூசுங்கள். புகையிடும் அடுப்பு உள்ளவர்கள் 110 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் புகையிட்டுப் பிறகு ஆவியில் வைக்கலாம். இல்லாதவர்கள் மசாலாவில் புகையூட்டிய மிளகாய்த்தூள் சிறிது சேர்த்து, சூடான நீர் ஊற்றிய தட்டின் மேல் கம்பி வலையில் இறைச்சியை வைத்து, அலுமினியத் தாளால் முழுவதும் மூடி, ஓவனில் 130 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் விடலாம். விறகுப் புகையின் ஆழம் இதில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றபடி நிறமும் மென்மையும் ஓரத்தின் காரமும் கடைக்கு நெருக்கமாகவே வரும்.

அரிவதற்கு முன் இருபது நிமிடமாவது ஆறவிட்டு, தசை நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்டுங்கள். நெஞ்சுக் கறியில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு திசையில் ஓடுவதால், நடுவில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியே அரிய வேண்டியிருக்கும். ரொட்டி, சீரகம் போன்ற கேரவே விதை தூவிய, ரை என்னும் தானிய மாவில் செய்த ரொட்டி. தடவுவது காரமான பழுப்புக் கடுகு விழுது. மயோனைஸ் கேட்பவரை டெலிக்காரர்கள் பார்க்கும் பார்வையைப் பற்றி நியூயார்க்கில் எத்தனையோ நகைச்சுவைகள் உண்டு. பக்கத்தில் முதல் வாரத்தில் போட்ட வெள்ளரிக்காய் இருக்கட்டும். கொழுப்பின் திகட்டலைக் குறைக்க அந்தப் புளிப்பு தேவை. எஞ்சிய இறைச்சியை அரியாமல் துண்டாகவே குளிரில் வைத்து, மறுநாள் வேண்டிய அளவு அரிந்து, இட்லிச் சட்டியின் ஆவியில் ஐந்து நிமிடம் காட்டி எடுங்கள். நுண்ணலை அடுப்பில் வைத்தால் ஓரங்கள் காய்ந்துவிடும்.